அத்தியாயம் 6: குமிழைத் திருப்பி ஆடும் ஆட்டங்கள்

பழைய வீடியோ கேம்களை ஆடிப் பார்க்கலாம் என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஜாய்ஸ்டிக்கைத்தான் தேடுவார்கள். நான் வேறொன்றைச் சொல்வேன்: முதலில் ஒரு பேடில் தேடுங்கள். 1970களிலும் 80களிலும் வந்த மிகச் சிறந்த ஆட்டங்களில் சில, குமிழைத் திருப்பி ஆடுவதற்கென்றே செய்யப்பட்டவை. விசைப்பலகையின் அம்புக்குறிகளை வைத்துக்கொண்டு அவற்றை ஆடிப் பார்த்துவிட்டு, "இதில் என்ன இருக்கிறது?" என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் இன்னும் அந்த ஆட்டத்தை ஆடவே இல்லை என்பதுதான் உண்மை.

பேடில் என்பது கைக்குள் அடங்கும் ஒரு சிறு பெட்டி. மேலே பழைய ரேடியோவின் வால்யூம் திருகு போல ஒரு வட்டக் குமிழ், பக்கவாட்டில் ஒரே ஒரு பொத்தான். இடக்கையில் பெட்டியைப் பிடித்துப் பொத்தானில் ஒரு விரலை வைத்துக்கொள்ள வேண்டும். வலக்கை குமிழைத் திருப்பும். குமிழ் எவ்வளவு திரும்புகிறதோ அந்த அளவுக்குத் திரையில் உங்கள் மட்டையோ வாளியோ கேடயமோ நகரும்.

ஜாய்ஸ்டிக் "அந்தப் பக்கம் போ" என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு தூரம் போவது என்பது நீங்கள் எத்தனை நேரம் அழுத்திப் பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பேடில் "இந்த இடத்தில் நில்" என்று சொல்லும். குமிழின் ஒவ்வொரு கோணத்துக்கும் திரையில் ஓர் இடம் உண்டு. திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக உங்கள் மணிக்கட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்தான் மட்டைக்கும் ஆகும். அதனால்தான் பேடில் ஆட்டங்களைச் செய்தவர்கள் வேகத்தைத் தயக்கமில்லாமல் கூட்டினார்கள். ஜாய்ஸ்டிக்கில் மனிதரால் எட்டவே முடியாத வேகம், குமிழில் எட்டக்கூடியதாகிவிடுகிறது. கொஞ்ச நேரம் ஆடியதும் கை தானாகவே இடங்களைத் தெரிந்துகொள்ளும். மட்டை எங்கே இருக்கிறது என்று கண் தேட வேண்டியிருக்காது. இந்த அத்தியாயத்தில் வரும் எல்லா யோசனைகளும் இந்த ஒரு குணத்தைச் சார்ந்தவைதான்.

குமிழின் வரலாறு வீடியோ கேம்களின் வரலாற்றுக்குச் சமமான வயதுடையது. 1958இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வில்லியம் ஹிகின்பாதம் ஆசிலோஸ்கோப் திரையில் காட்டிய டென்னிஸ் ஆட்டத்தில், பந்தை அடிக்கும் கோணத்தைத் தீர்மானித்தது ஒரு குமிழ். 1972இல் ரால்ஃப் பேர் உருவாக்கிய மாக்னவாக்ஸ் ஒடிசியிலும் குமிழ்கள்தான். அதே ஆண்டு அடாரி நிறுவனத்துக்காக ஆலன் ஆல்கார்ன் வடிவமைத்த பாங் ஆட்டத்தில், ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு குமிழ் தவிர வேறொன்றும் கிடையாது. 1977இல் அடாரி விசிஎஸ் வெளிவந்தபோது (பின்னாளில் அடாரி 2600 என்று பெயர் மாறியது இதுதான்) பெட்டிக்குள் ஜாய்ஸ்டிக்குகளோடு ஒரு ஜோடி பேடிலும் சேர்ந்தே வந்தது. அதே ஆண்டின் ஆப்பிள் II கணினிக்கும் பேடில்கள் உண்டு. பிரேக்கவுட் ஆட்டத்தின் மின்சுற்றை அடாரிக்காக வடிவமைத்துக் கொடுத்த ஸ்டீவ் வாஸ்னியாக்தான் அந்தக் கணினியையும் வடிவமைத்தார். தன் கணினியில் பேசிக் மொழியிலேயே பிரேக்கவுட்டை எழுதி ஆட வேண்டும் என்ற ஆசையில்தான் வண்ணம், ஒலி, பேடில் இணைப்பு ஆகியவற்றை அதில் சேர்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

எந்தக் குமிழ்?

வாங்கும் முன் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் குமிழ்களில் இரண்டு இனம் உண்டு.

முதல் இனம், இரு முனைகளிலும் முட்டி நிற்கும் குமிழ். உள்ளே இருப்பது ஒரு பொட்டன்ஷியோமீட்டர். உதிரிபாகக் கடைகளில் 'பாட்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அடாரியின் பேடில், ஆப்பிளின் பேடில், கமடோரின் பேடில் எல்லாமே இந்த இனம்தான்.

இரண்டாவது இனம், முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் குமிழ். இதை ஸ்பின்னர் என்பார்கள். இது இடத்தைச் சொல்லாது. எந்தப் பக்கம், எத்தனை படி திரும்பியது என்பதை மட்டும் சொல்லும். ஆர்கேடுகளில் இருந்த டெம்பெஸ்ட், டிரான், ஆர்க்கனாய்டு போன்றவை ஸ்பின்னரில் ஆடியவை.

பழைய பொருள் வாங்குகிறவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. அடாரி 2600க்கு 'டிரைவிங் கன்ட்ரோலர்' என்று ஒன்று வந்தது. மாதிரி எண் சிஎக்ஸ்20. இண்டி 500 என்ற கார்ப்பந்தய ஆட்டத்துக்காகச் செய்யப்பட்டது. பார்த்தால் அச்சு அசல் பேடில்தான். ஆனால் உள்ளே இருப்பது முடிவில்லாமல் சுற்றும் குமிழ். பேடில் ஆட்டம் எதிலும் அது வேலை செய்யாது. பேடிலின் மாதிரி எண் சிஎக்ஸ்30. இன்னும் எளிதான சோதனை: ஒரே கம்பி முனையில் இரண்டு பெட்டிகள் தொங்கினால் அது பேடில், ஒன்று மட்டும் இருந்தால் டிரைவிங் கன்ட்ரோலர். குமிழைத் திருப்பிப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. முட்டி நின்றால் பேடில்.

கமடோர் 64 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு. அடாரி பேடிலின் முனை கமடோரில் அப்படியே பொருந்தும். ஆனால் அடாரி பேடிலுக்குள் இருப்பது 1 மெகா ஓம் பாட். கமடோர் எதிர்பார்ப்பது 470 கிலோ ஓம். அதனால் குமிழின் சுற்றில் ஏறக்குறைய பாதிதான் பயன்படும், மீதிப் பாதியில் மட்டை ஓரத்திலேயே நின்றுவிடும். ஆட முடியும், ஆனால் நுணுக்கம் போய்விடும்.

மட்டை நடுங்கினால்

பழைய பேடிலில் மட்டை ஓரிடத்தில் நிற்காமல் நடுங்கும், துள்ளும். குமிழை அசைக்காமல் வைத்திருந்தாலும் இடவலமாகத் தாவும். இது வந்துவிட்டால் ஆட்டமே ஆட முடியாது. ஆனால் இதற்காக யாரும் பேடிலைத் தூக்கிப் போட வேண்டாம். பெரும்பாலும் அரை மணி நேர வேலைதான்.

ஏன் நடுங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பழுது பார்ப்பது சுலபம். அடாரி 2600 பேடிலைப் படிக்கும் முறை அழகானது. பாட் வழியாக மின்சாரம் பாய்ந்து கன்சோலுக்குள் இருக்கும் ஒரு சிறு கெபாசிட்டரை நிரப்புகிறது. மின்தடை அதிகமானால் நிரம்ப நேரமாகும், குறைந்தால் சீக்கிரம் நிரம்பும். தொலைக்காட்சித் திரையில் படம் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாக வரையப்படும்போதே, "நிரம்பிவிட்டதா, நிரம்பிவிட்டதா?" என்று நிரல் விடாமல் சோதித்துக்கொண்டிருக்கும். எத்தனையாவது வரியில் நிரம்பியதோ அந்த எண்தான் உங்கள் குமிழின் இடம். அந்தக் கன்சோலில் இருந்த நினைவகம் வெறும் 128 பைட். முழுப் படத்தையும் சேமித்துவைக்க இடமே இல்லாததால் ஒவ்வொரு வரியையும் அந்தந்த நேரத்தில் வரைந்தாக வேண்டும். அந்த ஓட்டத்துக்கு நடுவிலேயே பேடிலையும் எண்ணி முடித்தார்கள் அன்றைய நிரலாளர்கள்.

பாட்டுக்குள் கரி பூசிய ஒரு தடம் இருக்கும். அதன் மேல் ஓர் உலோக நாக்கு உரசிக்கொண்டு நகரும். நாற்பது ஐம்பது ஆண்டுகளில் அந்தத் தடத்தில் அழுக்கும் தூசும் படிந்துவிடுகின்றன. நாக்குக்கும் தடத்துக்கும் இடையே தொடர்பு விட்டுவிட்டுக் கிடைப்பதால் மின்தடை கணத்துக்குக் கணம் மாறுகிறது. கன்சோல் எண்ணும் வரியும் மாறுகிறது, மட்டை துள்ளுகிறது.

முதலில் பேடிலைப் பிரிக்காமலே குமிழை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வேகமாகப் பலமுறை திருப்பிப் பாருங்கள். லேசான அழுக்காக இருந்தால் இதிலேயே சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் குமிழை நேராக மேல்நோக்கி இழுத்துக் கழற்றுங்கள். அது திருகாணி இல்லாமல் தண்டில் செருகியிருப்பதுதான். பெட்டியின் பின்பக்கத்து இரண்டு திருகாணிகளையும் எடுத்து, பாட்டைப் பிடித்திருக்கும் நட்டையும் கழற்றினால் அது தனியே வந்துவிடும். பாட்டின் மூன்று கால்களுக்கு அருகே ஒரு சிறு இடைவெளி தெரியும். அதன் வழியாகக் கான்டாக்ட் கிளீனரை இரண்டு சொட்டு அளவுக்குப் பீய்ச்சி, தண்டை முனைக்கு முனை நன்றாகத் திருப்பி, சிறிது நேரம் உலரவிடுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் வேலைக்கென்று விற்கும் கிளீனர்தான் வேண்டும். துருப்பிடித்த நட்டுகளுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம். அது எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும், அதில் மறுபடியும் தூசி ஒட்டும்.

சுத்தம் செய்த பிறகும் நடுங்கினால் தடம் தேய்ந்துவிட்டது என்று பொருள். 1 மெகா ஓம் பாட் ஒன்று வாங்கி மாற்றிவிடலாம். கடையில் கேட்கும்போது 'லீனியர்' என்பதை மறக்காமல் சொல்லுங்கள். வால்யூமுக்குப் பயன்படும் பாட்களில் மின்தடை சீராக அதிகரிக்காது. அதைப் போட்டால் மட்டை ஒரு பாதியில் மெதுவாகவும் மறுபாதியில் தாவியும் போகும். பல பாட்களில் லீனியருக்கு 'பி', மற்றதற்கு 'ஏ' என்று எண்ணுக்கு முன்னால் பொறித்திருப்பார்கள். பழைய பாட்டில் எந்தெந்தக் கால்களில் கம்பி இருந்தது என்று கழற்றும் முன்னரே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இடம் மாற்றிப் பற்றவைத்தால் மட்டை எதிர்ப்பக்கம் நகரும்.

நீட்டிப்புக் கம்பி வாங்குகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. அடாரி முனையில் ஒன்பது ஊசிகள் உண்டு. ஜாய்ஸ்டிக்குக்குத் தேவையில்லாத 5ஆம், 9ஆம் ஊசிகளில்தான் இரண்டு பேடில்களின் சமிக்ஞையும் போகிறது. 7ஆம் ஊசியில் 5 வோல்ட். ஜாய்ஸ்டிக்கை மட்டும் நினைத்துச் செய்த மலிவான கம்பிகளில் இந்த ஊசிகளுக்கு இணைப்பே இருக்காது. ஒன்பதும் இணைந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரில் சோதித்த பிறகு வாங்குங்கள்.

அசல் கன்சோல் இல்லாவிட்டால்

அசல் 2600உம் கார்ட்ரிட்ஜுகளும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. 2023இல் அடாரி 2600+ என்ற பெயரில் ஒரு புதிய கன்சோல் வெளிவந்தது. அது பழைய கார்ட்ரிட்ஜுகளை ஏற்கும், இன்றைய தொலைக்காட்சியில் இணையும். அதற்கென்று புதிதாகச் செய்த பேடிலும் விற்பனைக்கு உண்டு. தொந்தரவில்லாத வழி வேண்டும் என்கிறவர்களுக்கு இதுவே போதும்.

கணினியில் ஆடுவதென்றால் 2600க்கு ஸ்டெல்லா என்ற இலவச எமுலேட்டர், ஆர்கேடு ஆட்டங்களுக்கு மேம். இரண்டிலும் மவுஸையே பேடிலாக வைத்துக்கொள்ளலாம். மவுஸ் அம்புக்குறியைவிடப் பல மடங்கு மேல். அமைப்புப் பக்கத்தில் மவுஸின் வேகத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். மணிக்கட்டை மேசையிலிருந்து எடுக்காமலே திரையின் முழு அகலத்தையும் கடக்க முடிகிற அளவுதான் சரி. ஆனாலும் மவுஸுக்கு முனை கிடையாது. பேடில் முட்டி நிற்கும் இடத்தை விரல் உணர்ந்து, அதிலிருந்து மற்ற இடங்களை அளந்துகொள்கிறது. மவுஸில் அந்த அளவுகோல் கிடைக்காது.

அதனால் சாலிடரிங் தெரிந்தவர்கள் ஒரு யுஎஸ்பி பேடிலைத் தாங்களே செய்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான யோசனை. ஆர்டுயினோ லியனார்டோ அல்லது புரோ மைக்ரோ பலகை ஒன்று, 10 கிலோ ஓம் லீனியர் பாட் ஒன்று, ஒரு பொத்தான், பிடிப்பதற்கு வாகான ஒரு பெட்டி. இவ்வளவுதான் தேவை. பாட்டின் ஓரக்கால்களில் ஒன்று 5 வோல்ட்டுக்கு, மற்றது கிரவுண்டுக்கு, நடுக்கால் ஓர் அனலாக் ஊசிக்கு. இந்தப் பலகைகள் யுஎஸ்பி ஜாய்ஸ்டிக்காகத் தம்மைக் காட்டிக்கொள்ளக்கூடியவை. குமிழின் சுற்றை 1024 படிகளாகப் பிரித்துப் படிக்கும். 2600இன் ஆட்டங்களுக்கு இது தாராளம். குமிழைப் பெரியதாகவும் கொஞ்சம் கனமாகவும் தேர்ந்தெடுங்கள். விரல்நுனி சிறிது நகர்ந்தாலும் மட்டை துல்லியமாக நகர அது உதவும்.

எந்த வழியில் ஆடினாலும் தொலைக்காட்சியின் 'கேம் மோட்' அமைப்பை இயக்கிவிடுங்கள். இன்றைய தொலைக்காட்சிகள் படத்தை மெருகேற்றுவதற்காகச் சில கணங்கள் தாமதப்படுத்துகின்றன. மற்ற ஆட்டங்களில் அது உறைக்காது. பேடில் ஆட்டத்தில் கைக்கும் திரைக்கும் இடையிலான அந்தச் சிறு தாமதமே தோல்விக்குப் போதும். வீட்டில் பழைய குழாய்த் தொலைக்காட்சி இருந்தால் அதற்கு ஈடில்லை.

கபூம்!

ஒரே ஒரு பேடில் ஆட்டம்தான் ஆடுவேன் என்று சொல்கிறவருக்கு நான் தருவது இது. 1981இல் ஆக்டிவிஷன் வெளியிட்டது. எழுதியவர் அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான லாரி கப்லான். உருவங்களை வரைந்து உதவியவர் டேவிட் கிரேன்.

மேலே ஒரு பைத்தியக்காரக் குண்டுவீச்சாளன் சிறைச்சட்டையோடு இடவலமாக ஓடிக்கொண்டே குண்டுகளைப் போடுகிறான். கீழே உங்களிடம் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று தண்ணீர் வாளிகள். ஒரு குண்டையும் தரையில் விழவிடாமல் பிடிக்க வேண்டும். ஒன்று தவறினால் ஒரு வாளி போய்விடும். மூன்றும் போனால் ஆட்டம் முடிந்தது. குண்டுகள் குழுக்களாக வரும். முதல் குழுவில் ஒரு குண்டுக்கு ஒரு புள்ளி, இரண்டாம் குழுவில் இரண்டு, இப்படி எட்டு வரை. ஒவ்வொரு 1000 புள்ளிக்கும் இழந்த வாளிகளில் ஒன்று திரும்பக் கிடைக்கும். அன்று 3000 புள்ளி எடுத்துத் திரையைப் படம்பிடித்து அனுப்பியவர்களுக்கு ஆக்டிவிஷன் துணிப்பட்டை ஒன்றைப் பரிசாக அனுப்பியது. புதிதாக ஆடுகிறவர்கள் இன்றும் அந்த 3000ஐயே முதல் இலக்காக வைத்துக்கொள்ளலாம். நேர்மையான இலக்கு அது. சுலபமும் இல்லை, எட்டாததும் இல்லை.

எப்படி ஆடுவது? வாளியைப் பார்க்காதீர்கள். இது கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும், ஆனால் இதுதான் எல்லாம். கண் திரையின் கீழ்ப்பாதியில், வாளிக்குச் சற்று மேலே, அடுத்து விழப்போகும் இரண்டு மூன்று குண்டுகள் மேல் இருக்க வேண்டும். வாளி எங்கே என்பது கைக்குத் தெரியும். மேலே ஓடுகிறவனையும் பார்க்க வேண்டாம். அவன் திடீர் திடீரென்று திசை மாற்றுவது உங்களைக் குழப்புவதற்காகத்தான். குண்டுகள் விழும் கோலம் வளைந்து வளைந்து செல்லும் ஒரு பாதையாக இருக்கும். அந்தப் பாதையைப் பின்தொடர்ந்தால் போதும்.

குமிழை உள்ளங்கையால் மூடிப் பிடிக்காமல் விரல்நுனிகளால் பிடியுங்கள். முழங்கை எதன்மீதாவது ஊன்றி இருக்கட்டும். ஐந்தாம் குழுவுக்கு மேல் தோளை இறுக்கிக்கொண்டால் கை தடுமாறும்.

இன்னொரு நுணுக்கம். குண்டு ஒன்று தவறினால் வாளி போவதோடு ஆட்டத்தின் வேகமும் ஒரு படி இறங்குகிறது. கையில் மூன்று வாளியும் இருக்கும்போது 1000 புள்ளியைத் தாண்டினால் அந்தப் பரிசு வாளி வீணாகிறது, ஏனென்றால் நான்காவது வாளி கிடையாது. ஆகவே 980, 990 என்று நெருங்கும்போது வேகம் கைமீறிப் போவதுபோல் தோன்றினால், வேண்டுமென்றே ஒரு குண்டை விட்டுவிடலாம். வாளி ஒன்று போகும், வேகம் தணியும், சிறிது நேரத்தில் 1000ஐத் தாண்டியதும் வாளி திரும்பி வந்துவிடும். பழகியவர்களுக்குக் கன்சோலின் சிரமச் சுவிட்சும் உண்டு. அதை 'ஏ' பக்கம் தள்ளினால் வாளிகளின் அகலம் பாதியாகும்.

பிரேக்கவுட்டும் அதன் வாரிசும்

1976இல் அடாரி ஆர்கேடில் வந்த பிரேக்கவுட், பாங் ஆட்டத்தை ஒருவர் மட்டும் ஆடும்படி மாற்றியது. எதிராளிக்குப் பதில் ஒரு செங்கல் சுவர். 2600க்கு அது 1978இல் வந்தது. ஆறு வரிசை, வரிசைக்கு 18 செங்கல். கீழ் இரண்டு வரிசையில் ஒரு செங்கலுக்கு 1 புள்ளி, நடு இரண்டில் 4, மேல் இரண்டில் 7. ஆக ஒரு சுவர் முழுவதும் 432 புள்ளி. மொத்தம் இரண்டு சுவர்கள்தான், எனவே 864க்கு மேல் யாராலும் எடுக்க முடியாது. முடிவுள்ள ஆட்டம் என்பதே இதன் சிறப்பு. முழுமையாக ஆடி முடிக்கலாம்.

பந்து மட்டையின் எந்தப் பகுதியில் படுகிறதோ அதைப் பொறுத்துத் திரும்பும் கோணம் மாறும். ஓரத்தில் வாங்கினால் படுத்த கோணத்தில் போகும். தொடக்கத்தில் சுவரை எங்கும் பரவலாக இடிக்காமல், ஏதாவது ஓர் ஓரத்தில் மட்டும் துளை போட முயலுங்கள். பந்து அந்தத் துளை வழியாகச் சுவருக்கு மேலே போய்விட்டால், கூரைக்கும் செங்கலுக்கும் இடையே மாறி மாறி மோதி விலையுயர்ந்த செங்கல்களைத் தானே உடைக்கும். நீங்கள் அந்த நேரத்தில் மூச்சுவிட்டுக்கொள்ளலாம். ஆனால் மட்டையை நடுவுக்குக் கொண்டுவந்து தயாராக நிற்க வேண்டும். பந்து திரும்பி வரும்போது வேகமாக வரும். ஆர்கேடு வடிவத்திலோ, மேற்கூரையைத் தொட்டதுமே மட்டையும் பாதியாகச் சுருங்கிவிடும்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1986இல், டைட்டோ நிறுவனம் இதே யோசனையை எடுத்து ஆர்க்கனாய்டு செய்தது. உடையும் செங்கலிலிருந்து எழுத்துப் பொறித்த குளிகைகள் விழும். ஒன்று மட்டையை நீட்டும், ஒன்று லேசர் தரும், ஒன்று பந்தை ஒட்டவைக்கும். புதியவர்கள் எல்லாக் குளிகைகளையும் பிடிக்க ஓடித்தான் பந்தை விடுகிறார்கள். ஒரு புதுக் குளிகையைப் பிடித்தால் முன்பு கிடைத்த சக்தி போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். லேசர் கையில் இருக்கும்போது வேறெதையும் தேடிப் போகத் தேவையில்லை. பந்து மூன்றாகப் பிரிந்திருக்கும் நேரத்தில் குளிகைகள் விழுவதில்லை. என் கணக்கில், எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது பந்தின் வேகத்தைக் குறைக்கும் குளிகைதான். மொத்தம் 33 சுற்று. கடைசியில் டோ என்ற பெரிய தலையோடு சண்டை. நின்டெண்டோ கன்சோலில் இந்த ஆட்டத்தோடு குமிழ் வைத்த தனிக் கன்ட்ரோலர் ஒன்றையே சேர்த்து விற்றார்கள். அந்த ஆட்டத்தை அம்புப் பொத்தானில் ஆடுகிறவர் பாவம், எட்டாம் சுற்றைத் தாண்டுவதற்குள் களைத்துவிடுவார்.

நால்வர் கூடினால் வார்லார்ட்ஸ்

ஒரு முனையில் இரண்டு பேடில் என்பதால் 2600இன் இரண்டு துளைகளில் நான்கு பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். இந்த வசதியை முழுதாகப் பயன்படுத்திய ஆட்டம் வார்லார்ட்ஸ். ஆர்கேடில் 1980இல் வந்தது. அடுத்த ஆண்டு 2600க்கு அதை எழுதியவர் கார்லா மெனின்ஸ்கி. என்னைக் கேட்டால், அந்தக் கன்சோலில் கூட்டமாக ஆட இதைவிடச் சிறந்த ஆட்டம் இல்லை.

திரையின் நான்கு மூலையிலும் நான்கு கோட்டைகள். கோட்டைக்குள் ஓர் அரசன், சுற்றிலும் செங்கல் மதில். நடுவே தீப்பந்து ஒன்று பறந்து திரிகிறது. உங்கள் கேடயம் மதிலின் வெளிப்புறமாக வளைந்து நகரும். குமிழின் ஒரு முனை மதிலின் ஒரு பக்கம், மறுமுனை அடுத்த பக்கம். பந்தைத் தடுத்துத் திருப்பி மற்றவர் மதிலை உடைக்க வேண்டும். அரசன் மேல் பந்து பட்டால் அவர் ஆட்டம் முடிந்தது. ஆள் குறைந்தால் கோட்டையைக் கன்சோலே காத்துக்கொள்ளும், ஆனால் நான்கு மனிதர்கள் ஆடும்போதுதான் சூடு பிடிக்கும்.

பந்தைப் பிடித்து எறியும் வகையைத் தேர்ந்தெடுங்கள். வெறுமனே தட்டிவிடும் வகை அதற்கு அடுத்ததுதான். பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால் பந்து கேடயத்தில் ஒட்டிக்கொள்ளும், விட்டால் பறக்கும். யாரைத் தாக்குவது என்று யோசிக்க அது இடம் தருகிறது. இங்கேதான் சொற்போர் தொடங்கும்: "அவனை அடி, அவன் மதில்தான் முழுதாக இருக்கிறது" என்று ஒருவர் தூண்டுவார், இன்னொருவர் கூட்டணி பேசுவார். இளையவர்களும் பெரியவர்களும் கலந்து ஆடினால்கூட இதில் யாரும் பின்தங்குவதில்லை, ஏனென்றால் குமிழைத் திருப்பத் தெரிந்தால் போதும்.

காப்பதற்கு ஒரு வழி: கேடயத்தை மதிலின் மூலையிலேயே நிறுத்துங்கள். இரு பக்கமும் சம தூரத்தில் இருக்கும். பந்து வந்து தாக்கும் பக்கம் தெரிந்த பிறகு நகர்ந்தால் போதும். மதிலில் ஓட்டை விழுந்த பிறகு மட்டும் இந்த விதி மாறும். அப்போது ஓட்டைக்கு எதிரேயே நில்லுங்கள், மற்ற செங்கல்கள் போனால் போகட்டும்.

வார்லார்ட்ஸ் கிடைக்காதவர்கள் வீடியோ ஒலிம்பிக்ஸைத் தேடலாம். கன்சோலோடு சேர்ந்து 1977இல் வந்தது. பாங் ஆட்டத்தின் 50 வகைகள், ஹாக்கி, கைப்பந்து உட்பட. நால்வர் ஆடும் வகைகளும் உண்டு. சர்க்கஸ் அடாரியில் குமிழ் ஓர் ஏற்றப்பலகையை நகர்த்தும், கோமாளிகள் துள்ளிப் பறந்து பலூன்களை உடைப்பார்கள். குழந்தைகளுக்கு முதலில் இதைக் கொடுங்கள். நைட் டிரைவரில் குமிழே ஸ்டியரிங். ஒருமுறை ஆடிப் பார்க்கலாம், அதற்கு மேல் நான் வற்புறுத்த மாட்டேன்.

முடிவில்லாமல் சுற்றும் குமிழ்: டெம்பெஸ்ட்

பேடிலில் கை பழகிய பிறகு ஸ்பின்னர் பக்கம் வாருங்கள். அங்கே முதல் இடம் டெம்பெஸ்டுக்கு. 1981, அடாரி, வடிவமைத்தவர் டேவ் தியூரர். வண்ணக் கோடுகளால் வரையப்பட்ட ஒரு குழாயின் விளிம்பில் நீங்கள் நிற்கிறீர்கள். ஆழத்திலிருந்து எதிரிகள் ஏறி வருகிறார்கள். குமிழைச் சுற்றினால் விளிம்பைச் சுற்றி ஓடுவீர்கள். குழாய் மூடிய வட்டமாக இருக்கும் சுற்றுகளில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஒரே பக்கமாகச் சுற்றலாம் என்பதால்தான் முட்டி நிற்கும் பாட் இதற்கு உதவாது.

வீட்டில் ஆட மவுஸ் போதும் என்றாலும், ஸ்பின்னரைச் செய்துகொள்வதும் கடினமல்ல. கடைகளில் முதலில் காட்டும் மலிவான ரோட்டரி என்கோடரை வாங்காதீர்கள். ஒரு சுற்றுக்கு 20 படிதான் அதில், திருப்பும்போது நறுக் நறுக்கென்று நிற்கும். ஒரு சுற்றுக்கு 600 துடிப்பு தரும் ஒளிவழி என்கோடர் வாங்குங்கள். முன்பு சொன்ன அதே ஆர்டுயினோ பலகையில் இணைத்து, மவுஸின் கிடை அசைவாகக் கணினிக்கு அனுப்பினால் மேம் உடனே ஏற்றுக்கொள்ளும். கனமான உலோகக் குமிழ் மாட்டுங்கள். ஒரு சுண்டு சுண்டினால் கைவிட்ட பிறகும் சுற்ற வேண்டும்.

ஆட்டத்தில் புதியவர்கள் செய்வது, எதிரிகளைத் துரத்திக்கொண்டு விளிம்பு முழுவதும் ஓடுவது. அதற்குப் பதிலாக, திறந்த குழாய்களில் ஒரு பக்கமாக நின்று, ஏறி வருகிறவர்களைச் சுட்டபடி இருங்கள். 'ஃபிளிப்பர்' எனப்படும் சிவப்பு எதிரி விளிம்பை எட்டிவிட்டாலும் பதற வேண்டாம். அது உங்கள் தடத்துக்குப் புரண்டு வரும் கணத்தில் சுடலாம். பொத்தானை விடாமல் தட்டிக்கொண்டு அசையாமல் நிற்பதுதான் வழி. சூப்பர்ஜாப்பர் எனும் பேராயுதம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறைதான் திரையைத் துடைக்கும். இரண்டாம் முறை அழுத்தினால் ஓர் எதிரியை மட்டும் அழிக்கும். சுற்று முடிந்து குழாய்க்குள் பாயும்போது உங்கள் தடத்தில் முள் நீண்டிருந்தால் அதில் குத்துண்டு உயிர் போகும். ஆகவே கடைசி எதிரி சாகும் முன்பே முள் இல்லாத ஒரு தடத்தைக் கண்ணால் குறித்துவைத்து, அங்கே போய் நின்றுகொண்டு அவனைச் சுடுங்கள்.